பச்சைத் தண்ணீரில் அலசிய துணி

மார்ச் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மூன்றாவது மெஷின் இன்றும் மக்கர். அறுவை அறையிலிருந்து வந்த விரிப்புகளைக் கையாலேயே அலசினோம். புதிதாகச் சேர்ந்த அம்மாள் ரத்தக்கறை மேல் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றிவிட்டார். "ரத்தத்துக்கு முதல்ல பச்சைத் தண்ணிதான்! சுடுதண்ணி பட்டா ஜென்மத்துக்கும் போகாது!" என்று காச்மூச்சென்று கத்திவிட்டேன். பாவம், அழுதுவிட்டார். அவர் மேல் எனக்கென்ன கோபம்? நாளைக்கு வக்கீலைப் பார்க்க வேண்டும், அதுதான்.

மார்ச் 5

தம்பி குற்றவாளி என்று போன வாரமே தீர்ப்பாகிவிட்டது. தன்னை வேலையை விட்டு நிறுத்திய கிடங்குக்கே திரும்பிப் போய், "நாளைக்கு வாப்பா" என்று சொன்ன காவலாளியை அடித்திருக்கிறான். அந்தப் பெரியவர் இன்றுவரை பேச்சில்லாமல் படுக்கையில் கிடக்கிறார். இனி எத்தனை வருஷம் என்பதுதான் பாக்கி.

"அடிச்சதுக்கு இவ்வளவுன்னு ஒரு தண்டனை இருக்கு. குத்தத்தை இன்னும் கடுமையாக்குற விஷயம் இருந்தா, ஒவ்வொண்ணுக்கும் மேல மேல ஏறும்" என்றார் எங்கள் வக்கீல். அரசு வக்கீல் மூன்று சொல்லியிருக்கிறாராம். அடிபட்டவர் வயதானவர். வேலையில் இருந்தவர். மூன்றாவது, தம்பி தடயத்தை அழித்தான். கொடியில் கிடந்த துணியில் ஒரு பொட்டு ரத்தம் இல்லையாம். இவ்வளவு பக்குவமாக வெளுத்தவன் ஆத்திரத்தில் அடித்தவன் இல்லை, நிதானமாக யோசித்தவன் என்று எழுதியிருக்கிறார்.

யாரு, அவனா? அந்தத் தடிமாட்டுக்குத் தன் கைக்குட்டையைத் துவைக்கத் தெரியாது. நான் துவைச்சேன். நான்!

மார்ச் 6

அடிதடி நடந்த மறுநாள் காலை அவன் சட்டையும் பேன்ட்டும் வாளியில் கிடந்தன. கேட்டதற்கு, "மூக்குல ரத்தம் வந்துச்சுக்கா" என்றான். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. திட்டிக்கொண்டே அலசி, கசக்கி, கொடியில் போட்டுவிட்டு ஓடினேன். மதியம் போலீஸ் வந்தது. அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

மார்ச் 9, ஞாயிறு

"அக்காவை இழுக்காதீங்க" என்று வக்கீலிடம் சொல்லியிருக்கிறான். பெரிய தியாகி! அடிக்கும்போது எங்கே போச்சு இந்த நல்ல மனசு?

அம்மா ஒரே ஒப்பாரி. "நீ வாயைத் திறந்து, உன்னையும் பிடிச்சு உள்ள போட்டா எனக்கு யாருடி இருக்கா?" வக்கீலும் அதைத்தான் சொன்னார், என் மேலேயே கேஸ் வரலாமாம். வரட்டும். அவன் செய்ததற்கு உள்ளே கிடக்கட்டும். செய்யாததற்கு எதற்கு? என் கை செய்த வேலைக்கு இன்னொருத்தன் வருஷம் கழிக்க வேண்டாம்.

மார்ச் 18

சொல்லிவிட்டேன். கூண்டில் ஏறி, வாளியிலிருந்து கொடிவரை எல்லாம் சொன்னேன். அவன் துவைக்கச் சொல்லவில்லை, நானாகத்தான் துவைத்தேன் என்றேன். நீதிபதி எழுதிக்கொண்டார். இறங்கப் போனேன்.

அரசு வக்கீல் எழுந்தார். என்ன ஒரு தேன் குரல் அந்த அம்மாளுக்கு!

"உங்களுக்கு ரத்தக்கறை பத்தி நல்லாத் தெரியும், இல்லையா?"

"ஆஸ்பத்திரித் துணி பன்னிரண்டு வருஷமா வெளுக்கிறேன்." பெருமையா வேற சொல்லித் தொலைச்சேன்.

"சட்டையில கறை எங்க இருந்துச்சு?"

"வலது கை மடிப்புல."

"பேன்ட்ல?"

ஒரே அடி, விழுந்தார், பயந்து ஓடிவிட்டேன் — தம்பி இதுவரை சொன்னது அதுதான். கிடங்கு வாசல் கேமராவில் அவன் உள்ளே போவதும் வெளியே ஓடுவதும் மட்டுமே இருக்கிறது. பெரியவரால் சொல்ல முடியாது.

"முட்டியில."

"ஒரு முட்டியிலயா?"

"ரெண்டுலயும்."

"தெறிச்ச கறையா, அழுந்தின கறையா?"

ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை சோப்புப் போட்டு, கட்டைவிரலால் தேய்த்து எடுத்த கறை. எப்படி மறக்கும்?

"அழுந்தினது" என்றேன்.

தம்பி என்னையே பார்த்தான். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே வந்ததும் வக்கீல் புரியவைத்தார்.

மார்ச் 19

அன்றைக்கே எனக்குத் தெரியும். மூக்கில் வடிகிற ரத்தம் நெஞ்சில் சொட்டும், முட்டியில் போய் அழுந்தாது. தெரிஞ்சும் கேக்கலையே நான். ஷிப்டுக்கு நேரமாச்சாம், நேரம்! கீழே கிடந்த மனுஷன் பக்கத்தில் மண்டியிட்டு அடித்திருக்கிறான். பாவி. படுபாவி. அந்தக் கறையை என் கையாலேயே எடுக்க வைத்தான்.

மார்ச் 23

அம்மா சோற்றைத் தட்டில் போட்டு, நகர்த்தி வைக்கிறாள்.

ஏப்ரல் 2

துணி துவைத்த விஷயம் பட்டியலிலிருந்து போனது. அதற்கு ஏறியிருக்க வேண்டிய இரண்டு வருஷமும் போனது. விழுந்து கிடந்தவரை விடாமல் அடித்தது சேர்ந்தது. அதற்கு நான்கு. எல்லாம் சேர்த்துப் பதினொரு வருஷம். என் மேல் கேஸ் இல்லை. தண்டனை குறைக்கத்தான் போனேன்! தூ.

ஏப்ரல் 20, ஞாயிறு

தம்பியைப் பார்க்கப் போனேன். நடுவில் கண்ணாடி, ஆளுக்கொரு ரிசீவர். இளைத்துவிட்டான். சட்டைக் காலரில் அழுக்குத் திட்டாக இருந்தது. அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். சொன்னேன். அப்புறம் கேட்டான்:

"ஏன்க்கா அந்த முட்டியைச் சொன்ன?"

"நீ ஏன்டா முட்டி போட்ட?"

மணி அடித்த பிறகும் ரெண்டு பேரும் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.