குப்பைக்கூடையிலிருந்து எடுத்த சீட்டு

அம்மாடி,

சாப்பாடு அடுப்பு மேல் மூடி இருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடு.

நேற்று பக்கத்து வீட்டுக்காரி முன்னால் நீ என் இங்கிலீஷைத் திருத்தியதும் எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கோபத்தில்தான், நான் போனில் பேசிப் பழக நீ ஃப்ரிட்ஜில் எழுதி ஒட்டிய சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அப்படியும் ராத்திரி நீ எனக்குத் தோசை வார்த்துப் போட்டாய். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

காலையில் வாஷிங் மெஷின் ரிப்பேருக்காகக் கம்பெனிக்குப் போன் செய்தேன். மூன்று நாளாக நான் "ஐ ஆம் வெயிட்டிங்" என்பேன், அந்தப் பெண்ணும் "ப்ளீஸ் வெயிட்" என்று பாட்டுப் போட்டுவிடுவாள். இன்று குப்பைக்கூடையைக் கிளறி உன் சீட்டை எடுத்தேன். டீத்தூளைத் தட்டிவிட்டு, இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து அப்படியே வாசித்தேன்: "ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் சின்ஸ் மண்டே." உடனே அவள், "சாரி மேடம், இன்னைக்கு நாலு மணிக்கு ஆள் வருவாரு" என்றாள். மேடமாம்!

நாலு மணிக்கு வீட்டில் இரு. நீ மறந்துவிட்டுப் போன சாவி பூந்தொட்டிக்கு அடியில். நான் வெளியே போவதால் இந்தக் கடிதத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன்.

உன் புருஷன் என் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிப்பானே தவிர, ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவள் நீ ஒருத்திதான்.

அத்தை

பி.கு.: சீட்டை டேப் போட்டு ஃப்ரிட்ஜிலேயே ஒட்டிவிட்டேன். கீழே நானாக ஒரு வரி எழுதியிருக்கிறேன்: "ஐ ஹேவ் பீன் சாரி சின்ஸ் எஸ்டர்டே." தப்பிருந்தால் திருத்து. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டே திருத்து.