கறுப்புக் கட்டத்துக்கு ஆட்டிய தலை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் இருமலும் இப்போது மரியாதையாகப் பகலில் மட்டும்தான் வருகிறது. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். போனில் நாலு வரிக்கு மேல் அனுப்பினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய் என்பதால் மெயிலில் கடிதமாகவே அடிக்கிறேன், கடைசிவரை படி.

குளியலறைக் குழாய் ஒழுகியதைப் பிளம்பர் சரிசெய்துவிட்டுப் போனார், மறுநாளே சமையலறைக் குழாய் ஆரம்பித்துவிட்டது. அண்ணன் வீடு மாறிவிட்டான், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, எப்போ வர்றீங்க மாமா என்று அண்ணி கேட்கிறாள், முழங்காலைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். காலேஜில் நான் பார்த்துக்கொள்ளும் வீடியோ வகுப்பறைக்குப் புதுத் திரை வந்து சுவரில் சாய்ந்து நிற்கிறது, மாட்டுவதற்கு வேண்டிய ஆணி இன்னும் வந்து சேரவில்லை.

இனி விஷயம். அம்மா சரின்னு தலையாட்டிட்டாங்க, இந்த ஊர் வேலையிலயே நிரந்தரமா இருக்குறதுக்கு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடப் போறேன் என்று நீ அனுப்பியதைப் பார்த்தேன். நீங்கள் இருவரும் வீடியோவில் பேசியபோது நான் வேலையில் இருந்தேன். வீட்டுக்கு வந்து, குட்டி என்ன கேட்டா, நீ என்ன சொன்னே என்று அம்மாவிடம் கேட்டால், அவ என்னத்தைக் கேட்டாளோ, மூஞ்சியே தெரியலையே என்கிறாள். அவள் பேசிய டேப்லெட்டை வாங்கிச் சோதித்துப் பார்த்தேன். உங்கள் ஆபீஸில் சர்வர் மென்பொருளை மாற்றியதாகச் சொன்னாயே, வினை அங்கேதான். அம்மா எங்கள் காலேஜ் சர்வர் வழியாகப் பேசுகிறாள், நீ உங்கள் ஆபீஸ் சர்வர் வழியாக, இரண்டும் வேறு வேறு கம்பெனிச் சரக்கு. படத்தை எந்த முறையில் சுருக்கி அனுப்புவது என்று இரண்டும் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் பழைய முறையில் அனுப்புவது உங்களுடையதற்குப் புரிகிறது, அது புதிய முறையில்தான் அனுப்புவேன் என்று அடம்பிடிக்கிறது, எங்களுடையதற்கு அது பிடிபடவில்லை. ஒத்துவரவில்லை என்று வாயைத் திறந்து சொல்லித் தொலைத்தால்தான் என்ன, சொல்லாது, படத்தைக் கமுக்கமாகக் கைவிட்டுக் குரலை மட்டும் அனுப்பிவிட்டு, இணைப்பு பிரமாதம் என்று பச்சை விளக்கைக் காட்டும். மற்றவர்கள் குரலை வைத்துச் சமாளித்துக்கொள்வார்கள். காய்ச்சலில் காது போனதிலிருந்து உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கிற உங்கம்மா என்ன செய்வாள்? நீ அவளைப் பார்த்தாய், அவள் பார்த்தது உன் பெயரின் முதல் எழுத்து போட்ட கறுப்புக் கட்டத்தை.

அப்புறம் எதுக்குடி தலையை ஆட்டினே என்று கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே. திரை ஓரத்துல என் மூஞ்சி தெரிஞ்சுது, அப்ப அவளுக்கும் நான் தெரிவேன்ல, கம்முனு உட்கார்ந்திருந்தா புள்ளை பயந்துடாதா, அதான் சிரிச்சுக்கிட்டே ஆட்டினேன் என்றாள். நீங்கள் சர்வரை மாற்றிய நாளிலிருந்து அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். டேப்லெட்டைத் தான்தான் கெடுத்துவிட்டோம் என்று நினைத்து என்னிடம்கூட மூச்சு விடவில்லை. அதற்கு மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

நீ கேட்டதை அவளிடம் சொன்னேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உங்க வாயால கேட்டு நான் என்ன சொல்றது, அவ மூஞ்சியைப் பார்த்தாதானே இஷ்டப்பட்டுக் கேக்குறாளா, வேற வழியில்லாம கேக்குறாளான்னு தெரியும் என்றாள்.

ஆகவே கையெழுத்தைக் கொஞ்சம் நிறுத்திவை. உங்கள் சர்வர்காரரிடம் போய்ப் பழைய முறையிலும் படம் அனுப்பும்படி அமைப்பை மாற்றித்தரச் சொல், சின்ன வேலைதான். எல்லாம் நல்லாத்தானே இருக்கு, பச்சை விளக்கு எரியுதே என்பார், விட்டுவிடாதே. நீ எங்கே இருந்தாலும் எனக்கு ஒன்றுதான் என்று எழுதலாமென்றுதான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை, அது கிடக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். எடுத்த காரியம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். பேசும்போது முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்து, அதே கேள்வியை மறுபடி நிதானமாகக் கேள். இதையெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த அம்மா ஒரு வரி சேர்க்கச் சொல்கிறாள்: நான் இன்னும் ஒண்ணுக்கும் தலையாட்டலைன்னு எழுதுங்க.

அன்புடன்,
அப்பா