கசற்றின் வாலில் மிச்சமிருந்த பாட்டு

மச்சான்,

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கோடு போட்ட கொப்பிதான் வாங்கினேன். ஆனாலும் எழுத்துகள் கோட்டின் மேல் இருக்கமாட்டோம் என்கின்றன. இரண்டு வரி எழுதி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. அழித்து அழித்து எழுதியதில் சில இடங்களில் கடதாசி மெலிந்துபோயிருக்கிறது. அங்கே கொஞ்சம் பொறுத்து வாசி. எழுபத்திரண்டு வயதில் எழுதப் பழகியவனின் முதல் கடிதம் இது.

எனக்கு எழுத்து வாசிப்புத் தெரியாது என்பதே உனக்குப் புதினமாக இருக்கும் என்று போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் நினைத்திருந்தேன். எட்டு வயதில் அப்பாவோடு கடலுக்குப் போனவன் நான். பிறகு அதை யாரிடமும் சொல்லவில்லை. என் மனுசிக்குத் தெரியும். அவள் இங்கே ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து என் அன்ராக், விண்ணப்பப் படிவம் எல்லாவற்றையும் அவள்தான் நிரப்புகிறாள். நான் கீழே ஒரு கிறுக்கல் வைப்பேன்.

போன வருசம் பேத்தியைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன். வெளியில் குளிர். உள்ளே கடைசி வாங்கில் குந்தியிருந்தேன். "ஐயா, சும்மா இருக்கிற நேரத்துக்கு ஒரு கொப்பி கொண்டு வாங்கோவன்" என்றார் ரீச்சர். கொண்டுபோனேன். பேத்தி எட்டிப் பார்த்து, "அம்மப்பா, உங்கடை 'ழ' நண்டு மாதிரிக் கிடக்கு" என்றாள். நண்டை எனக்குத் தெரியாதா? வரைந்து வரைந்தே அதைப் பிடித்துவிட்டேன். இப்போது வீட்டில் இருக்கும் தமிழ் எல்லாவற்றையும் வாசிக்கிறேன். நாட்காட்டி, மிளகாய்த்தூள் பை, பூசைப் புத்தகம். மனுசி சமைக்கும்போது பின்னால் நின்று பையை வாசித்துக் காட்டுவேன். "தள்ளி நில்லுங்கோ, கறி கருகுது" என்பாள்.

செவ்வாய்க்கிழமை வாசிக்க வேறொன்றும் மிச்சமில்லை. அலுமாரியிலிருந்து பழைய கசற் ஒன்றை எடுத்தேன். அது எந்தக் கசற் என்று உனக்குச் சொல்ல வேண்டும். வழியில் பையோடு தொலைந்துவிட்டது என்று நான் சொன்னேனே, எங்கள் பாட்டுப் பதிந்த அந்தக் கசற். அது தொலையவில்லை, மச்சான்.

எங்கள் பாட்டை இப்போது யாருக்காவது விளங்கப்படுத்துவது கடினம். ஊரில் சாமான் இறக்குமதி இல்லாத காலம். கிற்றார்த் தந்தி அறுந்தால் சைக்கிள் பிறேக் கம்பியைப் பிரித்து ஒரு இழையை மாட்டுவாய். கொழும்பில் கேட்ட இசைத்தட்டில் கிற்றார் கரகரத்து அழுததாம். அதற்காக லவுட்ஸ்பீக்கரின் கடதாசியைக் குண்டூசியால் குத்திக் கிழித்தாய். ஒரு பாட்டு இருபது நிமிடம் போகும். தோள்வரை தலைமயிர், பூப்போட்ட சேட்டு, யானைக்கால் மாதிரிக் காற்சட்டை. "உது பாட்டில்லை, தகரத்திலை பெய்யிற மழை" என்றார் உன் அப்பா. நீ சந்தோசப்பட்டாய். நீ தேடியதும் அந்தச் சத்தத்தைத்தான்.

எனக்கு வாத்தியம் வராது. வெளிச்சம் என் வேலை. பங்குச் சுவாமியாரிடம் படம் காட்டும் மெசின் ஒன்று இருந்தது. இரண்டு சின்னக் கண்ணாடித் துண்டுகளுக்கு இடையில் தேங்காயெண்ணெயும் நிறத் தண்ணீரும் விட்டு, ஓரத்தை மெழுகால் அடைத்து அதற்குள் செருகுவேன். விளக்கின் சூட்டில் குமிழிகள் ஊர்ந்து பிரிந்து ஒன்றையொன்று விழுங்கும். புண்ணுக்குப் பூசும் மருந்தில் ஊதாவும் சிவப்பும் கிடைத்தன. மஞ்சளுக்குக் கேசரிப் பவுடர். நீலத்துக்கு எழுதும் மை. மைப்போத்தலை நான் அதற்கு மட்டும்தான் திறந்திருக்கிறேன்.

கரண்ட் பொழுதுபட மங்கிவிடும் என்பதால் பின்னேரம் மூன்று மணிக்கே தொடங்குவோம். வெயிலை மறைக்க மண்டபத்து யன்னல்களில் வள்ளத்துப் பாய்களைக் கட்டினோம். அடைத்த மண்டபம், நூறு பேரின் வியர்வை, பாயில் ஊறிய மீன் வெடில். நம் இசையைச் சைக்கடெலிக் என்று நீ நாக்கைச் சுழற்றிச் சொல்வாயே, அந்தச் சொல்லுக்கு எனக்கு இன்றைக்கும் கருவாட்டு மணம்தான்.

அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் நம் கண்ணாடிகள், மற்றதில் சுவாமியாரின் படங்கள். மூடிகளில் எழுதியிருந்தது. நான் பெட்டி இருந்த இடத்தைத்தான் நினைவில் வைத்திருந்தேன். யாரோ கதிரை இழுத்தபோது பெட்டிகள் இடம் மாறிவிட்டன. நீ கண்ணை மூடிக்கொண்டு கிற்றாரை அலறவிட்ட நேரம், ஊதாக் குமிழிகள் வரவேண்டிய சுவரில் லூர்து மாதா வந்து நின்றா. முன்வரிசைப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டு முழந்தாளிட்டார்கள். ஒரு ஆச்சி செபமாலையைத் தொடங்கிவிட்டா. செபத்தின் நடுவில் படத்தை மாற்ற எனக்குப் பயம். நீயும் நிறுத்தவில்லை. மாதாவும் கிற்றாருமாகப் பத்து நிமிடம் போனது.

"உங்கடை பாட்டுக்கு சனம் முழந்தாளிட்டது இண்டைக்குத்தான்" என்றார் சுவாமியார். கோபமா பகிடியா என்று தெரியவில்லை.

எல்லோரும் போனபின் நீ கேட்டாய்: "பெட்டியிலை எழுதியிருக்கல்லோ, சூசை?"

"அவசரத்திலை பாக்கேல்லை, மச்சான்."

நீ மூடியையும் என்னையும் பார்த்தாய். பிறகு குனிந்து தந்தியைத் திருகத் தொடங்கினாய்.

அதற்கு அடுத்த நிகழ்ச்சியில் நீ மைக்கில் நிறங்களைச் சொல்லத் தொடங்கினாய். பாட்டோடு பாட்டாக, சிவப்பு, மஞ்சள் என்று. சனத்துக்கு அது நல்லாய்ப் பிடித்தது. அது உன் புது ஸ்ரைல் என்றுதான் நானும் நினைத்தேன். அதைத்தான் சுவாமியார் தன் றெக்கோடரை உன் காலடியில் வைத்துப் பதிந்தார். நம் பாட்டு எங்காவது பதிவாகியிருந்தது என்றால் அந்த ஒன்றில்தான்.

உனக்கு முன்னம் நான் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது அந்தக் கசற்றை என் கையில் தந்தாய். "நீ கொண்டு போ. நான் வந்து வாங்கிறன்."

ஹம்பேர்க்கில் முதல் குளிர்காலம். ஒரு அறையில் ஆறு பேர். மற்றவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதுவார்கள். நான் அம்மாவுக்குக் கசற்றில் பேசி அனுப்புவேன். அவவுக்கும் வாசிக்கத் தெரியாது. எங்கள் இருவருக்கும் அதுதான் கடிதம். ஒருநாள் ஊருக்குப் போகும் ஒருவர் வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறார். வெற்றுக் கசற் இல்லை. கட்டிலுக்குக் கீழே சினிமாப் பாட்டுக் கசற்றுகள் கிடந்தன. உன்னுடையதும் அவற்றோடுதான். எல்லாவற்றிலும் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு எல்லாம் ஒரே எறும்புகள். ஒன்றை எடுத்தேன். அழியாமல் இருக்க மேல் விளிம்பில் உடைத்துவிட்டிருந்த ஓட்டையில் பிளாஸ்ரர் ஒட்டி, அம்மாவுக்கு நான் சுகம் என்று பேசினேன்.

மூன்று மாதத்தில் அதே கசற்றில் அம்மாவின் பதில் வந்தது. அவ பேசத் தொடங்குவதற்கு முன் அரை வினாடி, உன் கிற்றார். அப்போதுதான் எதை எடுத்தேன் என்று தெரிந்தது.

நீயும் ஜெர்மனிக்கு வந்து பீலெஃபெல்ட்டில் குடியேறினாய். முதல் சந்திப்பில் நீ கசற்றைப் பற்றிக் கேட்கவில்லை. பிறகு ஒரு கோடையில் இங்கே வந்தபோது துறைமுகப் பக்கத்தில் ஒரு பூங்காவுக்குப் போனோம். நரைத்த சடையோடு ஜெர்மன்காரர் நாலு பேர் நம் காலத்து இசையை வாசித்தார்கள். பின்னால் பெரிய திரையில் நிறங்கள் ஓடின. எண்ணெயில்லை, மெழுகில்லை, ஒரு பெண் கொம்பியூட்டரைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

"வடிவாத்தான் கிடக்கு. ஆனா மாதா வரமாட்டா" என்றாய். சிரித்து முடித்த கையோடு கேட்டாய்: "எங்கை அந்தக் கசற்?"

"அது வாற வழியிலை பையோடை துலைஞ்சு போச்சு, மச்சான்."

அழித்துவிட்டேன் என்று சொன்னால், எழுதியிருந்ததைப் பார்க்கவில்லையா என்று கேட்பாய். அந்தக் கேள்வி ஒருமுறை போதும் என்று நினைத்தேன்.

போன மாரியில் ஆஸ்பத்திரியில் நீ மெலிந்து கிடந்தபோது, கேட்காமலே நீயாகச் சொன்னாய்: "அந்தப் பையை எடுத்தவன் எங்கடை பாட்டைக் கேட்டு விசராகித் திரிவான், பாவம்." நான் சிரித்தேன். திரும்பிவரும் ரயிலில் இருக்கும்போதுதான், சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன். இரண்டு கிழமையில் உன் மகள் அழுதுகொண்டு போன் பண்ணினாள்.

இனிச் செவ்வாய்க்கிழமை. கசற்றை மெசினில் போட்டேன். அம்மா பேசத் தொடங்கினா. வழமையாக "சரி மோனை, வைக்கிறன்" என்று அவ சொன்னதும் நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகு ஒன்றும் இருக்காது என்று ஒரு எண்ணம். அன்றைக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கசற் பெட்டியில் சுவாமியார் எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டுக்கொண்டிருந்தேன். 'பொப் இசை. அழிக்கக் கூடாது.' கடைசிச் சொல்லில் நிற்கும்போது அம்மா முடித்துவிட்டா. நான் கவனிக்கவில்லை. நாடா ஓடிக்கொண்டே இருந்தது.

கிற்றார் வந்தது. கிழிந்த ஸ்பீக்கரின் அதே கரகரப்பு. பிறகு உன் குரல்.

"சூசை, ஊதா போதும். சிவப்பு! மெல்ல, மெல்ல... ஆ, அப்பிடி."

பாட்டு முடிந்தது. கைதட்டல். வாங்கு இழுபடும் சத்தம். நமக்கு ட்றம்ஸ் வாசித்த பெனடிற் உன் பக்கத்தில் வந்து கேட்கிறான்: "எட, ஒரு துண்டிலை வரிசையா எழுதிக் குடன். அவன் பாத்துப் போடுவான்தானே. ஏன் மைக்கிலை கத்திறாய்?"

நீ சொல்கிறாய்: "எழுதிக் குடுத்தா அவன் துண்டைப் பாப்பான். எனக்கு அவன் என்ரை கையைப் பாக்க வேணும்."

"உன்ரை கையிலை என்ன கிடக்கு? ஊத்தைதான்."

இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். டக் என்று நாடா முடிந்தது.

திருப்பி நாலுமுறை கேட்டேன். மனுசி குசினியிலிருந்து வந்து, "ஆர் உது கத்திறது?" என்றாள். நீ என்றேன். அவளும் இருந்து கேட்டாள்.

எனக்கு வாசிக்க வராது என்று தெரிந்தும் பெனடிற்றிடம்கூட நீ என்னை விட்டுக்கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தப் பைக் கதையை ஏன் எடுத்தாய் என்று இப்போது யோசிக்கிறேன். அது பொய் என்பதும் உனக்குத் தெரிந்திருக்கும் போல. எப்படியோ, இப்போது என் கையாலேயே எழுதிவிட்டேன்: அழித்தது நான். வாசிக்கத் தெரியாததால் அழித்தேன். மிச்சம் மூன்று நிமிடம் இருக்கிறது. உன் மகளுக்கு ஒரு பிரதி எடுத்து அனுப்புவேன்.

அன்றைய ஏழு பாட்டுகளின் வரிசை எனக்கு இன்னும் பாடம். நீ எழுதாமல் விட்ட அந்தத் துண்டை இப்போது நானே எழுதப்போகிறேன், ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் அதன் நிறத்தோடு. சிவப்பு எழுதுவேன். ஊதா சுகம். மஞ்சளில் வரும் 'ஞ'வில்தான் கை தடக்குகிறது. அதற்கு ஒரு கிழமை தா, மச்சான்.

சூசை