பாறையிலிருந்து நாற்பது அடி

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டு எட்டு மாதமாகிறது. நாக்கு மறக்கவில்லை. திரும்பிப் பார்க்கத்தான் ஆளில்லை.

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். காட்டில் பார்த்த விலங்குகளைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பேடுகளில் எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தியவள் நான். கான்வென்ட் சிஸ்டர்கள் பழக்கிய கை. அந்தக் கைதான் இதைச் செய்தது.

நீங்கள் போனபின், நம் பக்கத்தில் எந்த விலங்கு எங்கே வாழ்கிறது என்று வரைபடம் போடும் குழுவிலிருந்து தேன்மொழி என்ற பெண் வந்தாள். செயற்கைக்கோள் படத்தை வைத்து வயல், காடு, தரிசு என நிலத்தைப் பிரிப்பார்களாம்; அதன்மேல் ஆட்கள் பார்த்த விலங்குகளைப் புள்ளிகளாக வைப்பார்களாம். உங்கள் குறிப்பேடுகளைக் கேட்டாள். கொடுக்க மனம் வரவில்லை. நானே கணினியில் ஏற்றித் தருகிறேன் என்றேன்.

நரி, கௌதாரி, உடும்பு, ஒன்று விடவில்லை. 'இடம்' என்ற கட்டத்தில்தான் இடறினேன். "பாறையிலிருந்து நாற்பது அடி கிழக்கே", "பாறையிலிருந்து ஓடைப்பக்கம்" என்றே எல்லாவற்றுக்கும் எழுதியிருந்தீர்கள். எந்தப் பாறை? கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி ஏற்கவில்லை; விடுவது எனக்கும் பிடிக்காது. நம் வீட்டையே எல்லாவற்றுக்கும் குறித்துவிட்டேன்.

போன வாரம் தேன்மொழி லேப்டாப்போடு வந்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளால். "அம்மா, பெரம்பலூர் நரியெல்லாம் உங்க வூட்டுக்குள்ளதான் குடியிருக்கு பாருங்க!"

நானும் சிரித்தேன். பிறகு, வேப்பந்தட்டைப் பக்கம் நீங்கள் சுற்றிய முள்ளுக்காட்டைக் காட்டச் சொன்னேன். வெளிர்மஞ்சளாக இருந்தது. தரிசு. ஒரு புள்ளிகூட இல்லை.

"இப்படியே முடிஞ்சா, அங்க ஒண்ணுமே இல்லன்னு எடுத்துக்குவாங்கம்மா. அந்த நெலத்த யாரு எதுக்குக் கேட்டாலும் சர்க்கார்ல குடுத்துடுவாங்க."

ஞாயிறுதோறும் செருப்பை மாட்டிக்கொண்டே "வர்றியா?" என்பீர்கள். "அந்த முள்ளுக்குள்ள மனுஷி வருவாளா?" என்பேன். ஒருமுறை வந்திருந்தால் எனக்கு அந்தப் பாறை தெரிந்திருக்கும், இல்லையா?

நேற்று பஸ் ஏறிப் போனேன். பாறை ஒன்றா இரண்டா அங்கே! ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அஞ்சலையிடம் கேட்டேன்.

"சார் பாறையா? வாங்க. துண்டால தட்டித் தட்டி வச்சிருப்பாரு. 'எங்க வூட்டம்மா ஒருநா வருவாங்க, முள்ளு இல்லாம உக்கார எடம் வேணும்ல'ம்பாரு. எங்க சார், ஒங்க வூட்டம்மா வந்தபாடில்லியேன்னு நாங்கூட கிண்டல் பண்ணுவேன்."

"அதுக்கு என்ன சொல்லுவாரு?"

"சிரிப்பாரு. 'அவங்களுக்கு முட்டிவலி'ம்பாரு."

எனக்கு எப்போதுங்க முட்டி வலித்தது?

உட்கார்ந்தேன். வேலமரத்தின் நிழல் சரியாக என் தலைமேல் விழுந்தது. கிழக்கே நாற்பது அடியில் நரி வளை. வளையின் வாயில் புதுமண் கிடந்தது.

தேன்மொழி இரண்டு வாரம் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு குறிப்பையும் பாறையிலிருந்து அளந்து, அதனதன் இடத்தில் வைப்பேன். ஓர் அடி பிசகாது. அதன் பிறகும் ஞாயிறுதோறும் வருவேன். பாறையில் பாதி இடம் விட்டுத்தான் உட்காருவேன்.

நீங்கள் காத்திருந்த,
உங்கள் வீட்டம்மா