அண்ணன் படத்துக்குப் போட்ட மாலை

23-7-2002, செவ்வாய்

புழுக்கம். ஆடித் தள்ளுபடிக்குப் புடவை அடுக்கி முதுகு போச்சு. அண்ணனிடமிருந்து இந்த ஞாயிறும் போன் இல்லை. கடை போனுக்குத்தான் பேசுவான். கொடுக்க வேறு நம்பர் எங்கள் காலனியில் ஏது? அவன் இருக்கும் எல்லையில் இன்னும் பட்டாளம் குவிந்து கிடக்கிறது. பேப்பரில் தினம் ஒரு யுத்தம்.

வெள்ளிக்கிழமை கார்கில் நினைவு நாள். விழாக் கமிட்டித் தலைவர் எங்கள் முதலாளிதான். "உங்கண்ணன் போட்டோ ஒண்ணு எடுத்துட்டு வாப்பா. யூனிபார்ம்ல இருக்கணும்."

24, புதன்

படம் கொடுத்தாயிற்று. அம்மாவுக்கு ஒரே பெருமை. மாவு மில், குழாயடி, ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டாள். போன் இல்லை. வாங்க: மண்ணெண்ணெய், தலைவலி மாத்திரை.

26, வெள்ளி

கல்யாண மண்டபம். மேடையில் ஐந்து படங்கள். நான்கு பேர் போரில் செத்தவர்கள். ஐந்தாவது அண்ணன். ஐந்துக்கும் ஒரே மாதிரி சம்பங்கி மாலை, குங்குமம், முன்னால் விளக்கு. பூக்காரரிடம் மொத்தமாகச் சொல்லிவிட்டார்கள். யார் இருக்கிறார், யார் இல்லை என்று கேட்க ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

பேச்சாளர் 'தியாகம்' என்று நீட்டிக்கொண்டிருக்கும்போதே அம்மா மேடை ஏறி மாலையைப் பிய்த்தாள்.

"உசுரோட இருக்கிற புள்ளைக்கு இன்னாத்துக்குயா மாலை?"

"மரியாதைம்மா, மரியாதை" என்றார் முதலாளி.

பின்வரிசையில் ஒருவன்: "காலனிக்காரங்கள உள்ள விட்டா இப்டித்தான்." அவன் சட்டையைப் பிடித்தேன். விலக்கிவிட்டார்கள்.

பஸ்ஸில் அம்மா மெதுவாக: "டேய், அண்ணனப் பத்தி அவுங்களுக்கு ஏதாச்சும் சேதி வந்துக்கீதா? நீயும் சேந்துக்கினு மறைக்கிறியா?"

"சத்தியமா இல்லமா."

நம்பவில்லை. இப்போது எனக்கே சந்தேகம். கடை போனை எடுப்பவர் முதலாளிதானே?

27, சனி

"போன் ஏதாச்சும் வந்துச்சா, முதலாளி?"

"இல்லப்பா." முகத்தைப் பார்க்காமல் சொன்னார். வெட்கமா? வேறேதாவதா? நாள் முழுக்க இதே. இரண்டு புடவைக்கு விலைச்சீட்டு மாற்றி ஒட்டித் திட்டு வாங்கினேன்.

28, ஞாயிறு

அம்மன் கோயிலில் கூழ். அம்மா போகவில்லை. நானும் லீவு.

காலையில் வாசலில் ஸ்கூட்டர். முதலாளி. இத்தனை வருஷத்தில் எங்கள் தெருவுக்குள் கால் வைக்காத மனுஷன். வேலை என்றால் ஆள் அனுப்புவார். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள்.

"தொறக்காத. இன்னா சேதின்னாலும் எனக்கு வாணாம்னு சொல்லு."

இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

ஜன்னலுக்குப் போனேன்.

"அம்மாவுக்குப் போத்த வெச்சிருந்த சால்வைப்பா. வாங்காம போயிட்டாங்க. மாலை விஷயம்... தப்பாயிடிச்சி."

"போன்?"

"வரலப்பா."

சால்வையை ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுப் போனார்.

"சால்வைமா, வெறும் சால்வைதான்." கையைப் பிடித்து இழுத்து இழுத்துச் சொன்னேன். காதை விட்டுக் கையை எடுக்கவில்லை.

மத்தியானம் ஆகிவிட்டது. அம்மா இன்னும் கதவை விட்டு எழவில்லை.