பெரியம்மா வரைந்த சுவர்

6 பிப்ரவரி 1984, திங்கள்

கணக்கு வீட்டுப்பாடம் முடிக்கவில்லை. பனி ஜன்னலில் பாதி வரை ஏறிவிட்டது. ஹில்யா பெரியம்மாவை அடக்கம் செய்து இரண்டு நாள்.

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். பக்கத்து அறையில் ராய் அண்ணா. பெரியம்மாவின் மூத்த மகன், டெட்ராய்டிலிருந்து வந்திருக்கிறார். சாயங்காலம் அவர் பெரியம்மாவின் மகள் இலேன் அக்காவிடம் சொன்னது கதவு வழியாகக் கேட்டது.

“வீட்டை வித்துடலாம். பாப்பாவை அவங்கப்பாகிட்ட விட்டுடணும். ஞாயித்துக்கிழமை போன் பண்றேன்.”

அக்கா கழுவின தட்டையே திரும்பக் கழுவினாள்.

அப்பா மில்வாக்கியில். அம்மா இறந்த வருஷம் என்னை இந்த வாசலில் இறக்கிவிட்டுப் போனவர். அவர் குரல்கூட எனக்கு மறந்துபோச்சு. நான் போக மாட்டேன்னு யார்கிட்ட சொல்றது?

7 பிப்ரவரி

இன்றும் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

9 பிப்ரவரி, வியாழன்

வியாழன் என்றால் பட்டாணி சூப். அக்கா வைத்தாள், அடிபிடித்துவிட்டது. பெரியம்மா வைத்தாலும் பாதி நாள் அடிபிடிக்கும். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் தூரிகை. “சூப் காத்துக்கும், இந்த நீலம் காத்துக்காது” என்பாள். அந்தச் சூப்பைத்தான் பெரியப்பா இருந்தவரை சுரங்க வேலைக்குக் கொண்டுபோனார், பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள், நானும் நாலு வருஷம் குடித்தேன். வெங்காயமும் டர்பன்டைனும் சேர்ந்த வாசனை அவள் கையில்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நீராவிக் குளியலறைதான் சௌனா. அதில் உடை மாற்றும் அறையின் சுவர் முழுக்க பெரியம்மா வரைந்த நாங்கள்தான். சனிக்கிழமை நீராவியிலிருந்து வெளியே வந்து, சிவந்த முகமும் துண்டுமாக நீளப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். சிகாகோவிலிருந்து வந்த ஒருவர் பலகையோடு பெயர்த்து விலைக்குக் கேட்டாராம். “அதுல என் மருமகன் இருக்கானே, அவனை யாரு வாங்குவா?” என்றாளாம் பெரியம்மா. அக்கா விவாகரத்து செய்த பிறகும் அவரை அழிக்கவில்லை. கேட்டால், “அவனுக்கும் குளிருமில்ல.”

11 பிப்ரவரி, சனி



“யாரு செத்தாலும் சனிக்கிழமை சௌனா உண்டு” என்று அக்கா என்னை அடுப்பு மூட்டச் சொன்னாள். பெரியம்மாவோடு எத்தனை முறை மூட்டியிருக்கிறேன். இன்று புகைக்குழாய்த் தகட்டைத் திறக்க மறந்துவிட்டேன். நாளைக்கு ஞாயிறு என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். புகை முழுவதும் உள்ளேயே திரும்பி, சுவர் கறுத்துவிட்டது. எல்லார் முகமும்.

ராய் அண்ணா இருமிக்கொண்டே ஓடிவந்தார். “தகடு திறக்காம யாராவது தீ வைப்பாங்களா? நடக்கப் பழகின குழந்தைக்குக்கூட இங்க இது தெரியுமே.”

விறகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். இனி என்னை யார் வைத்துக்கொள்வார்கள்? பெரியம்மா, நான் வேணும்னு செய்யல.

12 பிப்ரவரி, ஞாயிறு

தேவாலயத்திலிருந்து வந்ததும் அக்கா மூன்று பாக்கெட் ரொட்டியோடு சௌனாவுக்குப் போனாள். உள் வெள்ளையைப் பிய்த்து உருட்டி ஒற்றினால் கரி ஒட்டிக்கொண்டு வருமாம். பெரியம்மா அப்படித்தான் செய்வாளாம். என்னைக் கூப்பிட்டாள். ராய் அண்ணாவும் வந்தார், ஏலக்காய் ரொட்டியைக் கடித்துக்கொண்டே. அதிலேயே ஒரு துண்டைப் பிய்த்து, சுவரில் இருந்த அவர் முகத்தில் அவரே ஒற்றினார்.

“அதுல வெண்ணெய் இருக்குடா. ஏற்கெனவே எண்ணெய் வழியற மூஞ்சி உனக்கு” என்றாள் அக்கா.

“அம்மா வரைஞ்சதிலேயே லட்சணமான ஆள் நான்தான்.”

“துண்டு கட்டின உருளைக்கிழங்கு.”

கரி போகப் போக ஒவ்வொருவராக வந்தார்கள். பெரியப்பா, அக்கா, அந்த மருமகன். திடீரென்று ராய் அண்ணா கையை நிறுத்தினார்.

“என் முழங்கை எங்க? இடுப்புல கை வச்சு உக்காந்திருந்தேனே.”

“இவ வந்த வருஷம் அம்மா அதைச் சுரண்டிட்டாங்க. பெஞ்சுல இவளுக்கு இடம் வேணுமில்ல? ஓரத்துல வரைஞ்சா குளிரடிக்கும்னாங்க. கவனிக்கலையா நீ?”

அவருக்குப் பக்கத்தில் துண்டுக்குள் என் மூக்கும் கண்ணும். எனக்கே தெரியாது, அந்த இடத்தில் முதலில் அவர் கை இருந்தது என்று.

“என்னை ஒரு வார்த்தை கேக்கலையே.”

“அம்மா யாரை எப்ப கேட்டாங்க?”

அவர் ரொம்ப நேரம் என் மூக்கின் கரியையே ஒற்றிக்கொண்டிருந்தார். சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

“மில்வாக்கி போறியா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“வாயைத் திறந்து சொல்லு.”

“மாட்டேன்.”

“சரி.” பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா, “என்னைக் கேக்கவே வேணாம், இவ என்கூடத்தான்” என்றாள். மூக்கைச் சிந்திக்கொண்டாள். கரியாலோ என்னவோ.

5 மார்ச், திங்கள்

வீட்டை விற்கவில்லை, அக்கா இங்கேயே குடிவந்துவிட்டாள். அவள் ஓட்டும் பள்ளிப் பேருந்து இப்போது எங்கள் வாசலிலிருந்துதான் கிளம்புகிறது. இருட்டில் முதல் ஆளாக ஏறுகிறேன். ஹீட்டருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். “வீட்டுலதான் செல்லம். அது சின்னப் பசங்க சீட்டு, பின்னாடி போ” என்றாள். போனேன்.

புதிதாக வந்த பெண் ஒருத்தி கேட்டாள், “டிரைவர் என்ன இப்படி விரட்டறாங்க?”

“எங்க வீட்டுல எல்லாரும் இப்படித்தான்” என்றேன்.