என் தலை சொன்ன புயல்

அன்பு மகள் ரவ்யாவுக்கு, அலெக்சாண்டிரியாவிலிருந்து உன் அம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் காவலில் இங்கே வீட்டில் எல்லோரும் சுகம், என் தலை ஒன்றுதான் சுகமில்லாமல் கிடந்தது, இப்போது அதுவும் சுகம். மியூனிக்கில் நீயும் மாப்பிள்ளை கமாலும் என் பேத்தி தாலியாவும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று உன் வாயால் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அண்ணி சுஆத் பக்கத்தில் நின்று இடையிடையே சிரிப்பாள், அவள் சிரிப்பதற்கு நான் கொடுத்தது போதும். அதனால் ஐந்தாம் வகுப்பு வரை படித்த படிப்பை வெளியே எடுத்து நானே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் தாலியாவிடம் கொடு, அவள் கெட்டிக்காரி, என்னைக் கொண்டு பிறந்தவள், படித்துவிடுவாள்.

நீ கேட்டிருந்தாயே, மலைப்பக்கமிருந்து அந்தச் சூடான காற்று இறங்குகிற நாட்களில் தலை பிளக்கிறது, பிள்ளையிடம் எரிந்து விழுகிறேன், பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறேன், மாப்பிள்ளை இதெல்லாம் கற்பனை என்கிறார், உனக்கும் இப்படித்தானே அம்மா, இது நீ எனக்கு எழுதி வைத்த சொத்தா என்று. அந்தச் சொத்தை நான் என்ன பாடு படுத்தினேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். படித்துச் சிரி, ஆனால் கமாலுக்குப் படித்துக் காட்டாதே.

நம் தெருவில் என் தலைக்கு இருந்த மதிப்பு உனக்குத் தெரியும். கடலுக்குப் போகும் முன் ஷெஹாத்தா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே நின்று, "உம்மு ஹம்தி அக்கா, தலை என்ன சொல்லுது?" என்று உன் அண்ணன் பேரைச் சேர்த்துக் குரல் கொடுப்பான். நான் பால்கனியில் நின்று ஏதோ வானொலி நிலையம் மாதிரி நெற்றியைத் தடவி, "இடது பக்கம் லேசா இருக்கு, சாயங்காலத்துக்குள்ள திரும்பிடு" என்பேன். பத்து தடவையில் ஏழெட்டு தடவை பலித்திருக்கும், பலிக்காததை யாரும் எண்ணுவதில்லை, நான் எண்ணவே மாட்டேன். குளிர்காலப் புயல் ஒவ்வொன்றுக்கும் இந்த ஊரில் பேரும் தேதியும் உண்டு என்பதால், தேதியை ஒட்டி யார் சொன்னாலும் பாதி பலித்துவிடும் என்று சுஆத் ஒருநாள் சொன்னாள். பொறாமை என்று விட்டுவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் ஹம்தியின் மகள் யும்னாவுக்கு ஒரு வரன் வந்தது, ரஷீதில் படகு கட்டும் பட்டறை வைத்திருக்கும் பையன், பெயர் மெத்வல்லி, அடக்கமான பிள்ளை. ஒரே குறை, கரவான் என்கிற அவன் அம்மா. அந்த அம்மாள் பேசினால் எதிரில் இருப்பவர் மூச்சு வாங்குவதற்கு இடம் தரமாட்டாள், நானும் அப்படியே என்று ஹம்தி சொல்கிறான். யும்னாவுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. சொல்லவில்லை, ஆனால் அந்த நீலச் சட்டையை ஒரே வாரத்தில் எத்தனை தடவை இஸ்திரி போட்டாள் என்று எனக்குத் தெரியாதா. வெள்ளிக்கிழமை அவர்கள் நம் வீட்டுக்கு வந்து ஃபாத்திஹா ஓதிச் சம்பந்தம் பேசி முடிப்பதாக ஏற்பாடு. ஹம்தி ஏலக்காய் போட்டு அரைத்த உயர்ந்த காப்பித்தூள் வாங்கி வந்தான். வீட்டுக்காப்பி அப்போதுதான் தீர்ந்திருந்தது, விருந்து முடியட்டும் பிறகு வாங்கலாம் என்று சொல்லி நல்ல டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். வருகிறவர்களுக்கு முன் யாரும் தொடக்கூடாது, நானும் தொடமாட்டேன். டீ எனக்கு வயிற்றுக்கு ஆகாது என்பதை நீ மறந்திருக்கமாட்டாய்.

அடுத்த நாளே ஆரம்பித்தது. முதலில் கண்ணுக்குப் பின்னால் ஒரு விரல் வைத்து அழுத்தினது மாதிரி, பிறகு மண்டை முழுக்க. எலுமிச்சம்பழத்தை வட்டமாக அரிந்து நெற்றியில் ஒட்டி, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் சுற்றி வந்தேன். சுஆத் பாத்திரத்தை வைத்தால் போட்டு உடைக்கிறாயா என்றேன், ஹம்தி செருமினால் அப்பன் வீட்டு மாடா என்றேன், அவன் அப்பா என் புருஷன் என்பதுகூட அப்போது நினைவில்லை. இப்படி ஒரு வலி வந்தால் வருவது பெரும் புயல்தான் என்று முடிவு கட்டினேன். தேதியும் ஒத்து வந்தது, துடைப்பம் என்ற பெயருள்ள நவம்பர் புயல் வரவேண்டிய வாரம். வந்தால் இத்கூ ஏரிப் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஏறும், ரஷீதிலிருந்து வருகிறவர்கள் நடுவழியில் நிற்பார்கள், நல்ல காரியத்துக்கு வருகிறவர்களுக்கு ஏதாவது ஆனால் பழி யாருக்கு. ஹம்தியைப் பிடித்து போன் போட வைத்தேன், வெள்ளிக்கிழமை வராதீர்கள், புயல் வருகிறது, பிறகு பார்க்கலாம் என்று. அவன் தயங்கினான். "அம்மா, டிவில அப்படி ஒண்ணும் சொல்லலியே" என்றான். "டிவிக்குத் தலை இருக்கா?" என்று கேட்டேன். யும்னா சமையலறை வாசலில் நின்றாள். "பாட்டி, நெசமாவே தலைவலியா, இல்ல என்னை அனுப்ப மனசில்லையா?" என்றாள். அந்தப் பெண்ணை நான் அப்படி ஒரு முறை முறைத்தேன், பாவம் உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது ரவ்யா. அப்படி ஒரு வெயிலை நான் ஆகஸ்ட் மாதத்தில்கூடப் பார்த்ததில்லை. ஊரில் இருந்த துணியெல்லாம் துவைத்துப் பால்கனியில் காய்ந்தது. கடற்கரை ரோடு முழுக்கப் பிள்ளைகளும் பட்டமும். கடல் தட்டில் வைத்த பால் மாதிரி அசையாமல் கிடந்தது. என் பேச்சைக் கேட்டுப் படகைக் கட்டிப் போட்ட ஷெஹாத்தா கீழே நின்று, "உம்மு ஹம்தி அக்கா, உங்க புயலுக்குக் குடை பிடிக்கட்டுமா, வெயில் கண்ணைக் கூசுது" என்று கத்தினான். தெருவே சிரித்தது. அன்றைக்குச் சமைத்து வைத்திருந்த மீன் சோற்றை நாங்களே உட்கார்ந்து தின்றோம், சுஆத் ஒரு வார்த்தை பேசவில்லை, அவள் பேசாமல் இருந்தால் எவ்வளவு சத்தம் போடுவாள் என்று உனக்குத் தெரியும். மாலையில் ரஷீதிலிருந்து போன். கரவான் ஹம்தியிடம் சொன்னது அறை முழுக்கக் கேட்டது. "பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போங்க தம்பி, அதுக்கு எதுக்கு வானத்தைப் போய்ச் சாட்சிக்குக் கூப்பிடணும்? நாங்க காலையிலேருந்து வெயில்ல உக்காந்து உங்க புயலுக்காகக் காத்துக்கிட்டிருக்கோம்." சம்பந்தம் வேண்டாம் என்று போனை வைத்துவிட்டாள். யும்னா அழவில்லை. நீலச் சட்டையை மடித்து அலமாரியின் அடியில் வைத்தாள், அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. காலையில் என் மாத்திரையை மட்டும் தண்ணீரோடு வைத்துவிட்டுப் போவாள்.

அடுத்த வாரம் நானே கிளம்பினேன். பெண் வீட்டுக் கிழவி மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நிற்பதா என்று எனக்குள் ஒருத்தி கேட்டுக்கொண்டே வந்தாள், அவள் வாயை அடைக்க ஒரு பெட்டி இனிப்பு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ரஷீத் போகிற வேனில் ஏறி உட்கார்ந்தேன். தலை அப்போதும் வலித்துக்கொண்டுதான் இருந்தது. அந்தக் காப்பி டப்பாவை இன்னும் திறக்கவில்லை, அவர்கள் வந்தால்தான் திறப்பேன் என்று ஒரு வீம்பு. வானம் சுத்தமாக இருந்தது, ஏறிட்டுப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. கரவான் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், முழங்காலில் கம்பளித் துணி சுற்றியிருந்தாள், என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. "வாங்க, வழியில மழை அதிகமோ?" என்றாள். நான் விழுங்கிக்கொண்டேன். "மழை இல்ல சம்பந்தி அம்மா, மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றேன். "சம்பந்தி எல்லாம் அப்புறம். உங்க தலை அவ்வளவு பெரிய வானிலை மையமா, ஊரே கேக்குதாமே? என் முழங்காலு முப்பது வருஷமா இந்த ஊருக்கு மழை சொல்லுது, நான் ஒரு நாளாவது ஒரு கல்யாணத்தை நிறுத்தியிருக்கேனா?" என்றாள். அப்போதுதான் பார்த்தேன், அவள் வீட்டுக் கொடியில் ஒரு துணிகூட இல்லை, ஜன்னல் எல்லாம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. இந்த வெயிலில் எதற்கு என்று கேட்டதற்கு, "கால் சொல்லுது, இன்னிக்கு வரும்" என்றாள். நான் மனதுக்குள் சிரித்தேன், என் தலை இருக்கிற இருப்புக்கு நான் சிரித்தேன் பார்.

வந்தவளுக்குக் கொடுக்கவேண்டுமே என்று காப்பி வந்தது. நல்ல கறுப்பு, மேலே நுரை. முதல் வாய் குடித்தேன், இரண்டாம் வாய் குடித்தேன், கோப்பை பாதியாகிக் கொஞ்ச நேரத்தில் என் மண்டையிலிருந்து யாரோ ஆணியைப் பிடுங்கினது மாதிரி வலி கழன்றது. அடடா என்று வாயைத் திறந்தேன், அதே நேரம் வெளியே எங்கேயோ ஒரு கதவு படார் என்று அடித்தது, வானம் ஒரு பக்கமாகக் கறுத்தது, ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்து தெருவில் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போனது, பின்னாலேயே மழை. துடைப்பம் வந்துவிட்டது ரவ்யா. ஊரிலுள்ள தலைகளிலேயே அந்த நேரம் வலிக்காத ஒரே தலை என் தலைதான். கரவான் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு என் கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உம்மு ஹம்தி, நீங்க காப்பி குடிச்சு எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டாள். சொன்னேன், பூட்டினது, சாவி, வீம்பு எல்லாம். அவள் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. "நோன்பு ஆரம்பிச்ச முதல் ரெண்டு நாள் காப்பி இல்லாம ஊருக்கெல்லாம் வர்ற தலைவலிம்மா இது! சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இதுக்குப் போயா என் மகன் கல்யாணத்தை நிறுத்துனீங்க? எங்களுக்குக் குடுக்க வச்ச காப்பியாலேயே எங்களை வராதீங்கன்னு சொல்லிட்டீங்களே!" வருஷா வருஷம் நோன்பு வைக்கிறேன், வருஷா வருஷம் அந்த வலி வருகிறது, எனக்கு ஏன் தோன்றவில்லை சொல். தலை பெரிய தலை ஆகிவிட்டால் உள்ளே இருப்பது வேலை செய்வதில்லை போலிருக்கிறது.

ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டதால் அன்றைக்கு அங்கேயே தங்கினேன். இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு, பாலைவனத்திலிருந்து அந்தச் சூடான கம்சீன் காற்று அடித்தால் எந்தெந்தப் புருஷன் எப்படிக் கத்தினான் என்று பேசினோம். சம்பந்தத்துக்கு ஒப்புக்கொண்டாள், ஒரே நிபந்தனை, இனி நல்ல காரியத்துக்கு நாள் பார்ப்பது அவள் முழங்கால், என் தலை வாயைத் திறக்கக்கூடாது. ஷெஹாத்தாவிடமும் அப்படியே சொல்லிவிட வேண்டுமாம். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார், கையெழுத்துப் போட்டு நாட்டை ஒப்படைத்த ராஜா மாதிரி. ஒப்புக்கொண்டேன். ஊர் வந்ததும் யும்னாவிடம் அலமாரிச் சாவியைக் கொடுத்து, அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறார்கள், நீயே காப்பி போடு என்றேன். அவள் என் நெற்றித் துணியை அவிழ்த்துக் குப்பையில் போட்டுவிட்டு என் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். வந்தார்கள், ஃபாத்திஹா ஓதியாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆகையால் மகளே, தலை வலித்தால் முதலில் தண்ணீர் குடி, பிறகு தூங்கினாயா, சாப்பிட்டாயா, காப்பி குடித்தாயா என்று உன்னையே கேள், அதற்கும் மேல் வலித்தால் வானத்தைத் திட்டு, திட்டுவதில் தப்பில்லை, சில நாள் அது நிஜமாகவே வானம்தான். அடிக்கடி வந்தால் டாக்டரிடம் காட்டு. திரையை இழுத்துவிட்டுப் படுக்கும் முன் தாலியாவிடம், "அம்மாவுக்குத் தலை வலிக்குது, உன் மேல கோபமில்ல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படு. அந்த நாளில் மட்டும் யாருக்கும் வராதே போகாதே என்று செய்தி அனுப்பாதே. மாப்பிள்ளையிடம், கற்பனையிலும் தலை வலிக்கும், அதற்கும் தைலம் தேய்த்துவிடலாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

கல்யாணம் ஜூனில். முழங்கால் சொன்ன மாதம், குளிர்காலப் புயலும் முடிந்து கம்சீனும் ஓய்ந்திருக்கும். நீ மியூனிக்குக்கு விமானம் ஏறின நாளும் ஒரு ஜூன் மாதத்தில்தான். அன்றைக்கு வானம் கழுவிக் கவிழ்த்த மாதிரி இருந்தது, நான் காலையிலேயே இரண்டு கோப்பை காப்பி குடித்திருந்தேன், நன்றாகத் தூங்கியும் இருந்தேன். ஆனாலும் தலை வெடித்தது. புயல் வருகிறது சீக்கிரம் கிளம்பு என்று உன்னை வாசலிலிருந்து விரட்டினேன், ஜூனில் என்ன புயல் அம்மா என்று நீ சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினாய். அன்று ரஷீதில் கரவானிடம் இதையும் சொல்லி, இது எதனால் வந்த வலி, உங்கள் முழங்காலுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அந்த வாயாடி என் கோப்பையை எடுத்து மறுபடி நிறைத்துக் கொடுத்தாள்.

டிக்கெட் இப்போதே எடுத்துவிடு, தாலியாவுக்கு வெயில் தொப்பி மறக்காதே. ஆண்டவன் உன் வீட்டின் மேல் நல்ல காற்றை மட்டும் அனுப்பட்டும், உன் நெற்றியும் மனசும் குளிர்ந்திருக்கட்டும், நீங்கள் மூவரும் நிறைந்த ஆயுளோடு இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
வானிலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற உன் அம்மா,
இன்ஸாஃப்